யாரும் கேட்டிராத சொல்

அபரிஸ்ட்வித், வேல்ஸ்
2024 ஆகஸ்ட் 18

அன்பு ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா, தலைவலி விட்டதா, வாப்பாவின் முழங்கால் எப்படி என்று ஒன்றுவிடாமல் எழுது.

நீ போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாய் என்று வாப்பா சொன்னார். உன் மாப்பிள்ளை ஃபாஹிம் மச்சானும் அவருடைய கூட்டாளி பஸ்தியானும் மீனுக்குப் போன படகு திரும்பாமல் மூன்று மாதமாகிறது. இந்த மூன்று மாதமும் அந்தப் போன் உன்னைப் படுத்திய பாட்டுக்கு அதைப் பூட்டி வைத்தது நல்லதுதான். ஒருவன் ராமேஸ்வரத்துச் சிறையில் கண்டேன் என்கிறான், இன்னொருவன் மாலைதீவில் கண்டேன் என்கிறான். மணி அடிக்கும்போதெல்லாம் உன் உயிர் போய் வந்திருக்கும். இனி நான் கடிதம்தான் எழுதுவேன். கடிதம் மெதுவாக வந்து, நீ கையில் எடுக்கும்வரை பேசாமல் கிடக்கும்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று ஊரில் எல்லாருக்கும் சந்தேகம். உனக்காவது சொல்லி வைக்கிறேன். மூவாயிரம் வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு கூட்டம் ஒரு மொழி பேசியது. அதைக் கெல்ட்டிய மூலமொழி என்கிறார்கள். பேசியவர்கள் ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போய்விட்டார்கள். அதன் பிள்ளைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன: ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன். பிள்ளைகளின் முகங்களை ஒன்றாக வைத்துப் பார்த்துத் தாயின் முகத்தை வரைவதுதான் எங்கள் தொழில்.

என் பங்குக்கு வந்தது ஒரேயொரு சொல். மரத்தில் ஓட்டை போடுகிற துறப்பணம் இருக்கிறதே, மச்சான் வைத்திருக்கிறாரே, அதற்கு அந்த மக்கள் சொன்ன சொல். பழைய ஐரிஷில் அது 'தரதர்', வெல்ஷ் மொழியில் 'தராடர்', பிரெட்டனில் 'தரார்'. ஆகவே தாய்ச்சொல் 'தரத்ரொம்' என்று இருந்திருக்க வேண்டும். அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். இதை யாரும் கேட்டதில்லை, ஆனாலும் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் புலமைப்பரிசில் தந்து இங்கே குளிரில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். உன் கனவுகளை எனக்கு எழுது. நல்ல கனவை உன்மேல் அன்புள்ளவருக்கு மட்டும் சொல், கெட்ட கனவை யாருக்கும் சொல்லாதே, இடப்பக்கம் மூன்று தரம் துப்பிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படு என்று உம்மா கண்ணை மூடி மவுத்தாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முறைப்படியே செய்வோம். நல்லதை மட்டும் எழுது, நானும் எழுதுகிறேன்.

உன் துஆவை நாடும்
மர்ஷூதா


குறிஞ்சிப்பிட்டி
கற்பிட்டி, புத்தளம்
2024 செப்டெம்பர் 14

தங்கச்சி மர்ஷூதாவுக்கு ராத்தாவின் சலாம்.

நானும் வாப்பாவும் சுகம். வாப்பாவின் முழங்கால் தொழப் பள்ளிக்குப் போக மட்டும் வலிக்காது, கடைக்குப் போகச் சொன்னால் வலிக்கும். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. சோற்றில் மணல், பாயில் மணல், உன் கடிதத்தைப் பிரித்து முடிப்பதற்குள் அதிலும் மணல்.

அடியே, நாங்கள் இங்கே ஒரு மனுசனைத் தேடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே ஒரு துறப்பணத்தைத் தேடுகிறாய். உன் பேராசிரியையிடம் சொல், துறப்பணம் எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஆணியில் தொங்குகிறது என்று. போட்டுகள் கரையேறி நிற்கிற மாதங்களில் அவர் படகுகளுக்குப் பலகை மாற்றிக் கொடுப்பாரல்லவா? கரண்டில் ஓடுகிற டிரில் இருந்தாலும் பின்பலகைக்கு இதைத்தான் எடுப்பார். உன் கடிதத்தை வாசித்த வேகத்தில் அதைக் கழற்றி ஒரு பூவரசம் பலகையில் வைத்துத் திருகிப் பார்த்தேன். பலகை பிளந்தது, உள்ளங்கை கொப்பளித்தது. ஓட்டை மட்டும் விழவில்லை. அவருடைய கை பட்டுப் பட்டு அந்தப் பிடி வழுவழுவென்று ஆகிவிட்டது, அதைத் துடைத்துத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

லத்தீப் மறுபடி வந்தான். அன்றைக்கு வேறு படகில் போய் உயிரோடு திரும்பியவர்களில் அவனும் ஒருவன் என்பது உனக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே சொன்னான்: "ராத்தா, கவுந்து கெடந்த போட்டக் கண்டன். அடி செவப்பு. கிட்டப் போக ஏலாமப் பெய்த்து. உங்கட போட்தான் எண்டு சத்தியம் பண்ண மாட்டன்." கற்பிட்டியில் பாதிப் படகுக்கு அடி சிவப்புத்தான் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

பள்ளிவாசல் ஆலிம்சா வாப்பாவிடம் சொன்னாராம், லத்தீபின் சாட்சியை நான் ஏற்றுக்கொண்டால் காதியார் முன்னால் போகலாம், அவர் தீர்ப்புச் சொன்னால் நான் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருக்கலாம், அதுவரைக்கும் நான் ஃபாஹிமின் மனைவிதான் என்று. அதைத்தான் நானும் சொல்கிறேன். நான் மனைவி. விதவைக்குரிய இத்தாவை உயிரோடு இருக்கிறவருக்கு நான் எப்படி இருப்பேன்? ஊரார் என்னைப் பார்க்கிற பார்வை வேறு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பஸ்தியானின் பெண்சாதி அனஸ்தாசியா மட்டும் என்னைச் சரியாகப் பார்க்கிறாள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு இருவரும் கரைக்குப் போவோம். கடலைப் பார்த்துவிட்டு வருவோம்.

இனி என் நல்ல கனவு. களப்புத் தண்ணீர் முழுவதும் உப்பாக உறைந்து கிடக்கிறது. அதன்மேல் அவர் செருப்பில்லாமல் நடந்து வருகிறார், கக்கத்தில் பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாண். உப்பு காலைக் கடிக்கவில்லையா என்று கேட்டேன். தேத்தண்ணியை ஊற்று, பிறகு கதைப்போம் என்றார். ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கோப்பை நிரம்பவே இல்லை, ஆனாலும் இருவருக்கும் அவசரமும் இல்லை.

இன்னொரு கனவும் வருகிறது. முறைப்படி துப்பிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டேன். அது உனக்கு வேண்டாம்.

உன்னை நினைத்தபடி
ராத்தா ஜுனைதா


அபரிஸ்ட்வித்
2024 ஒக்டோபர் 9

அன்பு ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

கொப்பளத்துக்கு என்ன போட்டாய்? தேங்காயெண்ணெய் மட்டும் பூசிவிட்டு இருந்துவிடாதே. எனக்குத் தடிமன் பிடித்து விட்டுவிட்டது. வேறு சுகவீனம் இல்லை.

உன் உப்புக் கனவை மூன்று தரம் வாசித்தேன். நிரம்பாத கோப்பை நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் சொல் இப்போது ஒரு சந்தியில் நிற்கிறது. அதற்கும் முந்திய காலத்தில், கெல்ட்டிய மொழிக்கும் தாயான மொழியில், ஒரேமாதிரி ஒலிக்கிற இரண்டு வேர்கள் இருந்தன. ஒன்றுக்குத் தேய்த்தல், துளைத்தல் என்று பொருள். மற்றதற்குக் கடந்து அக்கரை சேர்தல் என்று பொருள். துறப்பணத்துக்கு எது தாய்? மரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குறைக்கிற கருவி என்று பெயர் வைத்தார்களா, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடந்துபோகிற கருவி என்று பெயர் வைத்தார்களா?

நான் இரண்டாவதன் பக்கம். பழைய ஐரிஷில் கடந்து, தாண்டி என்பதற்கு 'தர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'தர்', 'தரதர்', இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், அக்காவும் தங்கச்சியும் மாதிரி இல்லையா? அந்த மனிதர்கள் மரத்தின் அந்தப் பக்கத்தில் வெளிச்சம் வருகிறதா என்று குனிந்து பார்த்திருப்பார்கள். அக்கரை சேர்க்கிறது என்று அதற்குப் பெயர் வைத்திருப்பார்கள். என் ஆய்வின் நடு அதிகாரத்தையே அதன்மேல்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேராசிரியை தலையை ஒருபக்கம் சாய்த்தார். அவர் தலையைச் சாய்த்தால் அது நல்லதுக்கில்லை என்று இங்கே படிக்கிறவர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஊரில் மரங்கொத்திக்கும் துறப்பணம் என்றுதான் பெயர். காட்டுத் துறப்பணம். உனக்குப் பிடிக்குமே என்று எழுதுகிறேன்.

என் கனவைக் கேள். இந்த ஊர்க் கடற்கரையில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவேயில்லை, நம் களப்பு மாதிரி. நடந்துகொண்டே இருந்தேன். கழுதைகள் தண்ணீருக்குள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. கால் சேற்றில் பட்டதும் கற்பிட்டியின் காற்றாலைக் கோபுரங்கள் தெரிந்தன. நீ கரையில் நின்று, ஏன் இவ்வளவு தாமதம் என்று ஏசினாய். அந்த ஏச்சு எழும்பிய பிறகும் காதில் இருந்தது, அன்றைக்கெல்லாம் சந்தோசமாக இருந்தேன்.

அன்பு மாறாத
மர்ஷூதா


குறிஞ்சிப்பிட்டி
2024 நவம்பர் 21

மர்ஷூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதிக்கிறது, அதனால் சுகம் விசாரிப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

அனஸ்தாசியா தலவில அன்னம்மாள் கோயிலில் பஸ்தியானுக்கு, மவுத்தானவர்களுக்குக் கொடுக்கிற பூசையை ஒப்புக்கொடுத்துவிட்டாள். கறுப்பு உடுத்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என்ன கோலம் இது என்றேன். நின்றபடியே சொன்னாள்: "ஜுனைதா, அழுகிறதுக்கு எனக்கு ஒரு நாள் வேணும். அது இல்லாம இனி என்னால ஏலாது."

நீ உன் புருசனைக் கொன்றுவிட்டாய் என்று கத்தினேன். கத்தியது அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். அவள் அழவில்லை. கொண்டுவந்த மீன் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீயே சொல். ஒரே படகில் போன இரண்டு பேரில் ஒருவர் மட்டும் எப்படி மவுத்தாக முடியும்? அவள் கறுப்பை உடுத்தினால் என் தலையிலும் வெள்ளையைப் போர்த்துகிறாள் என்றுதானே அர்த்தம்? அது அவளுக்குத் தெரியாதா? இப்போது நான் தனியாகக் கரைக்குப் போகிறேன். அவள் வருவதில்லை.

நீ படித்தவள். எனக்கு ஒரு பதில் வேண்டும். யாரும் கேட்டிராத ஒரு சொல்லை இருந்தது என்று சொல்லி நட்சத்திரம் போடுகிறாய். யாரும் காணாத ஒரு மவுத்தை நடந்தது என்று சொல்லி அதே நட்சத்திரத்தைப் போடுவாயா? உன் ஃபாஹிம் மச்சானுக்குப் போடுவாயா? சுற்றி வளைக்காமல் எழுது. இங்கே வாப்பா முதல் ஆலிம்சா வரைக்கும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அங்கிருந்து உனக்கு என் முகம் தெரியாது, நீ உள்ளதைச் சொல்லலாம்.

கனவு எழுதுவதற்கு இந்த முறை ஒன்றும் இல்லை.

ஜுனைதா


அபரிஸ்ட்வித்
2024 டிசம்பர் 15

அன்பு ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். மாரி மழை தொடங்கியிருக்கும், கூரையில் ஒழுகுகிற இடத்தை வாப்பாவிடம் சொல்லி அடைத்துவிடு. இங்கே மத்தியானமே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

அனஸ்தாசியாவின் கதை கேட்டுக் கவலையாக இருந்தது. அவளிடம் கோபிக்காதே என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டாய். அது உயிரோடு இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. நாங்கள் நேரில் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிற அடக்கம் அது, அவ்வளவுதான். மிஞ்சியதை வைத்து நியாயமாக எதை நினைக்க முடியுமோ அதை எழுதி, பக்கத்தில் அந்தக் குறியைப் போடுகிறோம். நாளைக்கு வேறு சான்று வந்தால் மாற்றி எழுதுவோம்.

பழைய காலத்து மரங்களைச் சேற்றிலிருந்து எடுத்து நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள். பேராசிரியை கூட்டிப்போய்க் காட்டினார். கருவிகள் பெரும்பாலும் துருவேறிக் கரைந்துவிட்டன. மரத்தில் அவை போட்ட ஓட்டைகள் மட்டும் வட்டமாக, சுத்தமாக இருக்கின்றன. விரலை விட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, கண்ணாடிக்குள் இருந்ததால் முடியவில்லை. அந்த ஓட்டையின் அகலத்தை வைத்துத் துறப்பணத்தின் அலகு எவ்வளவு அகலம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

பாடம் நடத்துகிறேன் என்று ஏசாதே. பரீட்சைத்தாள் திருத்துகிற வேலையும் இருக்கிறது. அடுத்ததில் நீளமாக எழுதுகிறேன்.

மர்ஷூதா


குறிஞ்சிப்பிட்டி
2025 ஜனவரி 12

தங்கச்சிக்கு ராத்தாவின் சலாம்.

வாப்பா சுகம், நான் சுகம், கூரையும் சுகம். உன் சுகம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒரு ஓட்டையின் அகலம் எவ்வளவு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி இல்லை. ஓம் என்றோ இல்லை என்றோ எழுதினால் வாய் வெந்துவிடுமா? அதைவிட, நீ கனவு எழுதவில்லை. பள்ளிக்கூட வாங்கில் இருந்துகொண்டே கனவு காண்கிறவள் நீ. இரண்டு மாதம் முழுக்க உனக்குக் கனவு வரவில்லை என்று சொன்னால் நம்புவதற்கு நான் உன் பேராசிரியை இல்லை. கெட்டது ஏதோ கண்டிருக்கிறாய். சரி, சொல்லாதே. துப்பிவிட்டுத் திரும்பிப் படு. எனக்கும் அந்த மற்றக் கனவு வந்துகொண்டுதான் இருக்கிறது, நானும் அதையேதான் செய்கிறேன்.

போன கிழமை புத்தளம் சந்தையில் அனஸ்தாசியாவைக் கண்டேன். மரவள்ளிக் கிழங்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் சதை வைத்திருக்கிறது. கறுப்புச் சட்டைதான், ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது மர்ஷூதா. அழுதுவிட்டாள், அழுதவளுக்குப் பசிக்கிறது. நான் எட்டு மாதமாக அழுகையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சோற்றை எங்கே வைப்பது?

என்னைக் கண்டு சிரித்தாள். நான் வெங்காயம் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நல்ல கனவு ஒன்று சின்னதாக வந்தது. களப்பில் காற்றாடி கட்டிக்கொண்டு தண்ணீரில் பறக்கிற வெள்ளைக்காரர்கள் வருவார்களே, அவர்களுடைய காற்றாடியெல்லாம் பெரிய மீன்களாகி நம் வீட்டுக்கு மேலே மெதுவாக நீந்தின. அவற்றின் நிழல் முற்றத்தில் விழுந்தது. நான் அந்த நிழலுக்குள் நின்று உடுப்புக் காயப்போட்டேன். அவர் அதில் இல்லை.

அலை ஓய்ந்து கடலில் குளிக்கலாம் என்று நான் காத்திருப்பதாக வாப்பா சொல்கிறார். இருக்கட்டும். நீ பதில் எழுது. இந்த முறை துறப்பணம் வேண்டாம், பதில் மட்டும் வேண்டும்.

ராத்தா


அபரிஸ்ட்வித்
2025 பெப்ரவரி 6

என் ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் சுகம். நீ இதை இருந்து வாசி, வாப்பா வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாசி.

துறப்பணம் வேண்டாம் என்றாய். மன்னித்துக்கொள், அது இல்லாமல் என்னால் பதிலுக்கு வரமுடியவில்லை. என் நடு அதிகாரத்தைக் கிழித்துவிட்டேன். அக்கரை சேர்க்கிற கருவி என்று கட்டிய அதிகாரம். கிரேக்க மொழியில் துறப்பணத்துக்கு 'தெரெத்ரொன்' என்று பெயர். அது தேய்த்துத் துளைக்கிற வேரிலிருந்து வந்தது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எங்கள் 'தரத்ரொம்' அதற்கு உடன்பிறந்தது. கெல்ட்டிய மொழியில் முன்னால் நின்ற எகரம் பின்னால் வந்த அகரத்தைப் பார்த்துத் தானும் அகரமாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். இது இந்த ஒரு சொல்லில் மட்டுமில்லை, அந்த மொழியில் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறது. 'தர்' என்ற சொல்லோடு அது ஒத்துப்போவது தற்செயல். இதெல்லாம் ஒக்டோபரிலேயே என் மேசையில் இருந்தது. நான் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுப் புரட்டினேன். பேராசிரியை கோபப்படவில்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு மூலத்தை நம்பக்கூடாது, மற்ற எல்லாம் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அறைக்கு வந்து உன் கேள்வியை எடுத்து முன்னால் வைத்தேன்.

லத்தீப் கண்ட சிவப்பு அடி தனியாக நின்றால் ஒன்றுமில்லை. அன்றைக்கு அடித்த காற்றும் தனியாக ஒன்றுமில்லை, அந்தக் காற்றில் அவன் தப்பி வந்திருக்கிறான். ராமேஸ்வரத்தில் பிடிபட்டவர்களின் பெயர்கள் வெளிவந்தன, அதில் மச்சான் இல்லை. மாலைதீவில் கண்டேன் என்றவன் இன்றுவரை தன் பெயரையே சொல்லவில்லை. பஸ்தியானிடமிருந்தும் ஒரு செய்தி இல்லை. உன்னைவிட்டு ஒரு நாள் கூடுதலாக இருக்க மனமில்லாத மனிதர், உயிரோடு இருந்தால் ஏதாவது ஒரு வழியில் ஒரு வார்த்தை அனுப்பியிருப்பார். எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன ராத்தா.

ஓம். நான் போடுவேன். ஃபாஹிம் மச்சான் மவுத்தாகிவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை எழுதியதற்காக நீ என்னை வெறுத்தால் அதையும் தாங்கிக்கொள்கிறேன். நீ கதவுக்கு அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் நிலையில் நின்று தேய்வதை என்னால் தாங்க முடியவில்லை.

அழுதுகொண்டு
மர்ஷூதா


அபரிஸ்ட்வித்
2025 மார்ச் 20

அன்பு ராத்தாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு எப்படிப் போகிறது? இங்கே குளிரில் தாகம் தெரியாது, நோன்பு இலேசு. ஒரு பங்களாதேஷ் குடும்பத்தார் தினமும் என்னை நோன்பு திறக்கக் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய கடலையில் எனக்கு நம் கஞ்சியின் ருசிதான் நினைவுக்கு வருகிறது.

உன் பதில் வரவில்லை. வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். "அவ சரியாத்தான் ஈக்கிறா மகள், நீ படிப்பப் பாரு" என்று வைத்துவிட்டார். வாப்பா சரியாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னால் அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாதா?

நீ எழுத வேண்டாம். என் கடிதம் வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். ஒரு வெற்றுத் தாளை உறையில் போட்டு அனுப்பு.

என் அதிகாரத்தைத் தேய்க்கிற வேரில் வைத்துத் திரும்ப எழுதினேன். பேராசிரியை இம்முறை தலையைச் சாய்க்கவில்லை. எனக்குத்தான் அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

நேற்று நல்ல கனவு ஒன்று. நீ என்னை ஏசினாய். சத்தம் கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அதையும் நல்லதில் சேர்த்துவிட்டேன்.

மர்ஷூதா


அபரிஸ்ட்வித்
2025 ஏப்ரல் 22

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் போய்விட்டது. புதுத்துணி உடுத்தாயா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

நான் எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ எதை நினைத்தாலும் நான் உன் தங்கச்சி. உன் கோபத்தையாவது எழுது.

மர்ஷூதா


குறிஞ்சிப்பிட்டி
2025 மே 10

என் தங்கச்சி மர்ஷூதாவுக்கு,

அல்லாஹ் உன்னை நல்ல சுகத்தோடு வைக்கட்டும். நீ பயந்த மாதிரி ஒன்றுமில்லை. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் மூன்று கடிதமும் கையில் இருக்கின்றன. முதலாவதை வாசித்த அன்றைக்கு உன்னைக் கண்டபடி ஏசினேன். உன் கனவில் வாய் அசைந்தது அதுவாகத்தான் இருக்கும், சத்தம் கேட்காதது உன் அதிர்ஷ்டம். பிறகு கடிதத்தை நாலாக மடித்து வைத்துவிட்டு, உனக்கு இனி எழுதுவதில்லை என்று இருந்தேன்.

நோன்பு இருபதுக்குப் பிறகு ஒரு நாள் கஞ்சி காய்ச்சி இறக்கியபோது, பழக்கத்தில் ஒரு பாத்திரம் கூடுதலாக ஊற்றிவிட்டேன். வருடாவருடம் பஸ்தியான் வீட்டுக்குப் போகிற பாத்திரம் அது. ஊற்றியதைத் திரும்பப் பானையில் கொட்ட மனம் வரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அனஸ்தாசியா கதவைத் திறந்து பாத்திரத்தை வாங்கினாள், உள்ளே வரச் சொன்னாள். நான் கத்தியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கதிரையில் இருந்து கஞ்சியைக் குடித்தபடி, நேற்றும் பஸ்தியான் கனவில் வந்தார், கூரைத் தகரத்தை மாற்றச் சொன்னார் என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் பதறிப்போய், அதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றேன். அவள் விளங்காமல் பார்த்தாள். "அவர் வந்தா நான் கதைப்பன் ஜுனைதா. நீங்க கதைக்கிறேல்லயா?"

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதாமல் வைத்த அந்த மற்றக் கனவை இப்போது எழுதுகிறேன்.

படகு வராமல் போன முதல் வெள்ளிக்கிழமையே அது வந்தது. அவர் நம் வாசலில் நிற்கிறார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. தலைமயிர் நன்றாகக் காய்ந்திருக்கிறது. அத்தர் மணக்கிறது. முகத்தில் களைப்பே இல்லை. வாசலைத் தாண்டாமல் நின்று எனக்குச் சலாம் சொல்கிறார். அவ்வளவுதான் கனவு. கடலுக்குப் போனவர், அடக்கத்துக்குக் குளிப்பாட்டி விட்டவர் மாதிரி, இப்படிச் சுத்தமாக வந்து நிற்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அதைக் கெட்ட கனவு என்று முடிவு செய்தேன். எழும்பி இடப்பக்கம் துப்பினேன், மறுபக்கம் திரும்பிப் படுத்தேன், யாருக்கும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. வரும்போதெல்லாம் துப்பினேன்.

கெட்டதை எங்கே கண்டேன் அதில்? அவர் சிரித்த முகத்தோடு நின்றார். எனக்கு வேண்டாத செய்தியைக் கொண்டு வந்தார் என்பதற்காக, ஷைத்தானைத் துரத்துகிற மாதிரி என் புருசனை ஒரு வருடமாகத் துரத்தியிருக்கிறேன். இதை நினைத்து அழுதேன் பார், அந்த அழுகையில்தான் இத்தனை மாதமாக வாய்க்குள் இருந்தது எல்லாம் வெளியே வந்தது. வாப்பா பக்கத்தில் வந்து இருந்தார், அவரும் அழுதார்.

மறுநாள் லத்தீபைக் கூப்பிட்டு, கண்டதை முழுவதும் சொல்லச் சொன்னேன். இந்த முறை கதவு திறந்திருந்தது. அவனும், அன்றைக்குக் கடலில் நின்ற வேறு இரண்டு பேரும் காதியார் முன்னால் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு வந்தது. நேற்று அசரிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன். அனஸ்தாசியா காலையும் மாலையும் வருகிறாள், இனிச் சந்தைச் சாமானையும் அவள்தான் கொண்டுவந்து தருவாள்.

உன்னை நான் வெறுக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் உள்ளதைச் சொல் என்று நான்தானே கேட்டேன். நீ டிசம்பரில் எழுதாமல் விட்ட கனவையும் எனக்கு எழுது. அது என்ன கனவென்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அதைச் சொன்னால் இனிப் பாவமில்லை.

இன்று விடியற்காலை சுபஹ் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வந்தார். அதே வாசல், அதே வெள்ளை. சலாம் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை மர்ஷூதா, எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வருடமாக அந்த மனுசனை வாசலிலேயே பதிலுக்கு நிற்க வைத்திருக்கிறேன். இன்று நான் துப்பவில்லை, திரும்பிப் படுக்கவில்லை. பாயில் எழும்பி இருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

ராத்தா ஜுனைதா